பத்துப் படி அரிசியும் ஒரு தலைக் கிறிஸ்மஸும்

எங்கள் அம்மா தீக்குச்சியை நெடுக்காக இரண்டாகப் பிளந்து வைப்பாள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அப்பாவின் சவர பிளேடு மழுங்கியதும் அது அம்மாவின் கைக்கு வந்து சேரும். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து, ஒரு பெட்டிக் குச்சியை இரண்டு பெட்டியாக ஆக்கிவிடுவாள். அதையும் உடனே கிழித்துவிடமாட்டாள். முதலில் வாசலில் நின்று தெருவைப் பார்ப்பாள். எந்தக் கூரையிலாவது புகை கிளம்பினால் கையில் ஒரு கொட்டாங்கச்சியைக் கொடுத்து, "ஓடு, ரெண்டு கங்கு வாங்கிட்டு வா" என்று என்னை விரட்டுவாள். தெருவிலிருந்த மற்ற அம்மாக்களும் அதே யோசனையோடு அவரவர் வாசலில் நின்றிருப்பார்கள். அதனால் சில நாள் காலையில் வெகுநேரம் எங்கள் தெருவில் யார் வீட்டு அடுப்பும் எரியாது. எல்லோரும் எல்லோருடைய கூரையையும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

மன்னார்குடிக்குக் கிழக்கே, வாய்க்கால்கள் கடலைத் தேடிப் போகிற பக்கத்து ஊர் எங்களுடையது. எங்கள் தெருவில் எல்லோரும் கூலிக்கு நடவு நடுகிறவர்கள், கூலிக்கு அறுக்கிறவர்கள். பாதித் தெரு மாதா கோயிலுக்குப் போகும், மீதித் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போகும், பசி மட்டும் இரண்டுக்கும் பொதுவாக இருந்தது. குளிர்காலம் என்று நாங்கள் தனியாக ஒன்றைச் சொன்னதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைமழை, மார்கழியில் பனி, அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று மாதத்துக்குத்தான் அம்மா வருஷம் பூராவும் தயாராவாள். குறுவை அறுத்து வந்த நெல் ஐப்பசியோடு தீரும். சம்பா அறுப்பு தையில்தான். நடுவில் வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. அந்த நடுவில் கொண்டுபோய்க் கிறிஸ்மஸை வைத்திருந்தார்கள்.

"ஆண்டவருக்குப் பொறக்க வேற மாசமா கெடைக்கல? ஒரு மாசம் தள்ளி, தையில பொறந்திருந்தா அறுத்த கையோட கொண்டாடியிருக்கலாம்ல?" என்று அம்மா வருஷா வருஷம் கேட்பாள். இதைக் கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லியிருக்கிறாள். சாமியார் என்ன பதில் சொன்னார் என்று மட்டும் சொல்லமாட்டாள்.

ஆடியிலேயே அவள் ஏற்பாடுகள் ஆரம்பமாகிவிடும். வெயில் இருக்கும்போதே வறட்டி தட்டிக் காயவைத்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்குவாள். அதனால் மழைக்காலம் முழுக்க நாங்கள் மாட்டுத்தொழுவ வாசனையில்தான் தூங்கினோம். கருவாட்டை நூலில் கோத்து அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவாள். கூரையில் எங்கே ஓட்டை என்பதை முதல் மழையன்று மல்லாந்து படுத்துக்கொண்டே கண்டுபிடித்து, அப்பாவை எழுப்பிக் கீற்றுச் செருகச் சொல்வாள். நாலு பேருக்கும் துணி ஒரே தானில் எடுப்பாள். அப்பா சட்டை, அம்மா ரவிக்கை, அக்கா தாவணி, என் பாவாடை எல்லாம் ஒரே பூ. அதில் மிஞ்சினது தலையணை உறை ஆகும். நான் சுவரோரம் சாய்ந்து தூங்கினால் என்னைத் தலையணை என்று அப்பா தூக்கியிருக்கிறார், கேலிக்குச் சொல்லவில்லை.

கிறிஸ்மஸுக்கு வாசலில் தொங்கவிடும் நட்சத்திரத்தைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும். மூங்கில் பிளாச்சில் அப்பா கட்டிய கூடு ஒன்று பரண்மேல் ஆறு வருஷமாக இருந்தது. அதற்கு மேல் ஒட்டக் கலர்க் காகிதம் வாங்குவது வீண் செலவு என்று அம்மா முடிவு செய்திருந்தாள். ஆட்சி மாறியிருந்த காலம் அது. சுவரெல்லாம் தேர்தல் நோட்டீஸ் ஒட்டி ஓய்ந்திருந்தது. நனைந்து தானாக உரிந்து வந்ததை அம்மா பதமாகக் கழற்றி, காயவைத்து, திருப்பி ஒட்டினாள். பகலில் பார்த்தால் வெள்ளை நட்சத்திரம். உள்ளே விளக்கை வைத்ததும் பின்பக்க எழுத்தெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். ஒரு முனையில் யாரோ ஒருவரின் பாதி மீசை, இன்னொரு முனையில் 'வாக்களிப்பீர்'. மாரியம்மன் கோயில்காரர்கள் எங்கள் வாசலில் நின்று, "பொறக்கறதுக்கு முன்னாடியே ஓட்டுக் கேக்குறாரே உங்க சாமி" என்பார்கள். அம்மாவுக்கு அதில் வருத்தமே கிடையாது. காகிதம் சும்மா கிடைத்ததே!

இனி பிடியரிசி விஷயம். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்து, கோயிலுக்கென்று தனிப் பானையில் போட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை உபதேசியார் சாக்கோடு வந்து வாங்கிப் போவார். உபதேசியார் என்றால் சாமியார் வராத நாட்களில் ஜெபம் சொல்லிக் கொடுத்து, மணியடித்து, கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். அம்மா இந்த வழக்கத்தை மீறினதே இல்லை. ஆனால் அவள் கையால் போட்டதும் இல்லை. என்னைக் கூப்பிடுவாள்.

"பிள்ளைங்க கையால போட்டாத்தான் சாமிக்குப் பிடிக்கும்" என்பாள். எனக்கு அப்போது ஐந்து வயது. என் பிடியில் ஒரு சிட்டுக்குருவி காலை ஆகாரம் முடித்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே பண்டிகைப் பானை என்று இன்னொரு பானை வைத்திருந்தாள். அதற்குள் போடுகிற பிடி மட்டும் அவளுடைய பிடி. நடவு நட்டு, களை பறித்து, கதிர் அரிவாள் பிடித்துக் காய்த்த கை. ஈஸ்டருக்கு அடுத்த நாள் ஆரம்பித்தால் கிறிஸ்மஸுக்குள் பத்துப் படி சேரும். அதில் பாதி கடைக்குப் போய் வெல்லமாகவும் பச்சரிசியாகவும் எண்ணெயாகவும் திரும்பி வரும். மீதி, பண்டிகைச் சோறு. வருஷத்தில் அந்த ஒரு நாள் நாங்கள் 'போதும்' என்று சொல்லி எழுந்திருப்போம்.

எனக்குப் பத்து வயதானபோது ஒரு நாள் அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது. "கை வளந்துடுச்சுடி உனக்கு" என்றாள், எனக்கு ஏதோ வியாதி வந்துவிட்டதைப் போல. அன்றிலிருந்து மூன்று விரலால் எடுக்கச் சொன்னாள்.

இதனால் மானம் போனது எனக்குத்தான். உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும், "உங்க வீட்டுப் பானைய நெனச்சா எனக்குக் கண்ணுல தண்ணி வருது. உங்க வீட்டுச் சாமிக்கு மட்டும் பத்தியச் சாப்பாடா?" என்பார். பிள்ளைகள் சிரிக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். அம்மாவிடம் போய்க் கத்தினால், "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க, அவங்களா வந்து உலை வைக்கப் போறாங்க?" என்று வேலையைப் பார்ப்பாள்.

எனக்குப் பதினொரு வயதான வருஷம் அக்காவுக்குத் தலைக் கிறிஸ்மஸ். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். வைகாசியில் பட்டுக்கோட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். பத்துப் பதினைந்து தென்னை வைத்திருக்கிற குடும்பம், எங்களைவிட ஒரு படி மேல். கல்யாணப் பந்தியில் சம்பந்தியம்மா ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, நாலு பேர் காதில் விழும்படி, "கொழம்புல கையக் கழுவலாம் போலருக்கே" என்று சொல்லிவிட்டாள். அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். கல்யாணம் ஆகி முதலில் வருகிற பண்டிகைக்கு மகளையும் மருமகனையும் அழைத்து வயிறார விருந்து வைக்க வேண்டும். அதில் ஒரு குறை வந்தாலும் வருஷம் முழுக்க அக்காதான் அங்கே குத்துப்பேச்சு கேட்பாள். அம்மாவுக்கு அந்த வருஷம் இந்த ஒரு நினைப்புதான். இன்னும் இறுக்கிப் பிடித்தாள், பிடியரிசியையும் சரி, எங்களையும் சரி.

அந்த வருஷமாகப் பார்த்து அரைப்படித் தகராறு வந்தது. அறுப்புக் கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்டார்கள் எங்கள் ஆட்கள். கூட்டித் தராவிட்டால் சம்பா அறுப்புக்கு இறங்கமாட்டோம் என்று தெருமுனையில் செங்கொடி ஏறியது. மிராசுதார், "கொடியை இறக்கிட்டு வா, பேசலாம்" என்றார். வழக்கமாக மழைக்காலத்தில் அவர் வீட்டிலிருந்து முன்நெல் கொடுப்பார்கள், தையில் அறுத்துக் கழித்துக்கொள்ளலாம். அந்த வருஷம் கொடி இருக்கும்வரை ஒரு மணி நெல் கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். புது ஆட்சியின் தாசில்தார் ஜீப்பில் வந்தார். மிராசுதார் வீட்டில் காப்பி சாப்பிட்டார். எங்கள் தெருவில் தண்ணீர் கேட்டுக் குடித்தார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

கார்த்திகை பாதியிலேயே தெருவில் அடுப்புகள் ஒருவேளைக்கு இறங்கின. எங்கள் வீட்டிலும் ஒருவேளைதான். கஞ்சி, கீரை, வயல் வரப்பில் பிடித்த நண்டு. பண்டிகைப் பானையை அம்மா தொடவிடவில்லை. அப்பா சங்கத்து ஆள். ஒரு நாள் மெதுவாக, "நாலு வீட்டுல சுத்தமா ஒண்ணுமில்ல. அதுலேருந்து ஒரு படி..." என்று ஆரம்பித்தார்.

"மாப்ள வந்து உக்காந்தா இலையில உங்க கொடியையா வைப்பேன்?" என்றாள் அம்மா. 

அந்த வாரமே என்னை உட்காரவைத்து அக்காவுக்குக் கடிதம் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'இங்கு யாவரும் சுகம். மழை நல்ல மழை. வீட்டில் அரிசிக்குக் குறைவில்லை. அதிரசத்துக்கு வெல்லம் வாங்கியாயிற்று, முறுக்குக்கு உளுந்து இருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கோழி பிடித்துக் கட்டியிருக்கிறது. மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு தவறாமல் வரவும்.' எங்கே கோழி என்று நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். "எழுதுடின்னா எழுது" என்றாள். கிறிஸ்மஸுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் கோழியை எங்கிருந்தாவது பிடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. ஆசையில் நானும் என் பங்குக்கு ஒரு வரி, பாயசமும் உண்டு என்று சேர்த்துவிட்டேன்.

கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் இருக்கும். அம்மா நண்டு பிடிக்கப் போயிருந்தாள், அப்பா சங்கக் கூட்டத்துக்கு. உபதேசியார் சாக்கோடு வந்தார். இந்த முறை பிடியரிசி கோயிலுக்கு இல்லை, கோயில் முற்றத்தில் கஞ்சித்தொட்டி வைக்கப் போகிறோம், இரண்டு கோயில்காரர்களுக்கும் சேர்த்து என்று வாசலில் நின்று சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு சும்மா இருக்கவில்லை.

"உங்க வீட்டுப் பிடியைத் தூக்க நான் ஒருத்தன் போதுமா? இல்ல வண்டி கட்டிட்டு வரணுமா?"

பின்னால் வந்த இரண்டு பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தன. எனக்கு உச்சி மயிர் நின்றது. உள்ளே போனேன். இரண்டு பானையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எது யாருடையது என்று எனக்குத் தெரியாதா? ஆறு வருஷமாகப் போட்ட கை என்னுடையது. பண்டிகைப் பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்து, அவர் சாக்கில் கடகடவென்று கவிழ்த்தேன். உபதேசியார் வாயைத் திறந்தவர் மூடவில்லை. ஒரு பெரிய சந்தோஷம் எனக்கு. பானையைத் திருப்பி உள்ளே கொண்டுபோய் வைக்கும்போதுதான், அது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று தெரிந்தது.

அன்றைக்கும் அடுத்த நாட்களிலும் அம்மா பானையைத் திறக்கவில்லை. பிடி போட அரிசியே இல்லாத நாட்கள் அவை. நான் சொல்லவும் இல்லை. அடுத்த ஞாயிறு ஜெபம் முடிந்ததும் உபதேசியார் எழுந்து நின்றார். கஞ்சித்தொட்டிக்கு வந்த அரிசியிலேயே அதிகம் கொடுத்தது இந்தக் குடும்பம்தான் என்று எங்கள் பக்கம் கையைக் காட்டி, பத்துப் படி என்றார்.  "இத்தனை நாளா அந்தக் குடும்பத்தை நான் தப்பா நெனச்சுட்டேன், என்னை மன்னிக்கணும்" என்று வேறு சொன்னார். கோயிலே திரும்பி அம்மாவைப் பார்த்தது. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள். எல்லோரும் அதை அடக்கம் என்று நினைத்தார்கள். முக்காட்டுக்குள்ளேயிருந்து அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் விளக்குமாறு பேசியது. "தெரியாம மாத்திக் குடுத்துட்டேம்மா" என்று அலறினேன். பொய்தான், முதுகு கேட்டுக்கொண்டிருக்கும்போது உண்மை எப்படி வரும்? அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், தோள் குலுங்கியது. அதனால் விளக்குமாறு அந்தப் பக்கமும் கொஞ்சம் போய் வந்தது.

"போய்க் கேட்டு வாங்கிட்டு வந்துடேன்" என்றார் அப்பா, தூர நின்றுகொண்டு.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பேன்? ஊரே கும்புட்டுச்சுங்க!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் மறுநாள் காலையில் பானையைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். கோயில் முற்றத்தில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருவே தட்டோடு உட்கார்ந்திருந்தது. அம்மா அண்டாவை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் வந்த வேலையை மறந்துவிட்டாள்.

"யாருய்யா இது, இவ்வளவு கெட்டியாக் காச்சறது? நாலு நாள்ல தீந்துடும். அப்புறம் யார் வீட்டுக்குப் போவீங்க? ஊத்து, இன்னும் மூணு கொடம் ஊத்து. அந்த முருங்கைக்கீரையை எதுக்கு மாடு திங்க விட்டிருக்கீங்க, உருவிப் போடு!" என்று அகப்பையைப் பிடுங்கினாள். அன்றிலிருந்து கஞ்சித்தொட்டி அம்மாவுடையதாகிவிட்டது. அவள் ஊற்றின தண்ணீரில் அந்த அரிசி இரண்டு மடங்கு நாள் ஓடியது. சாயங்காலம் அப்பா, "கேட்டியா?" என்றார். "கேட்டேன், வெறகை ஏன் இப்படி எரிக்கிறீங்கன்னு கேட்டேன்" என்றாள் அம்மா. பானை வெறுமையாகத்தான் திரும்பி வந்தது.

மிராசுதாரின் காரியக்காரர் சைக்கிளில் போகிறவர் எங்கள் வாசலில் காலை ஊன்றி நின்று, "மாப்ள வர்றாராமே. உன் வீட்டுக்காரரை மட்டும் கொடியை விட்டுட்டுக் களத்துக்கு வரச் சொல்லு, மூட்டை நெல்லா இப்பவே அனுப்பிவைக்கிறேன்" என்றார்.  நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு அந்த மூட்டை எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். "கோயிலுக்கே பத்துப் படி குடுத்த வீடுங்க இது, எங்களுக்கு என்னங்க கொற?" என்றாள். காரியக்காரர் அதை அப்படியே மிராசுதாரிடம் கொண்டுபோய்ச் சொல்ல, இந்தத் தெருக்காரன்கள் எல்லோரும் நெல்லைப் பதுக்கி வைத்திருக்கிறான்கள், தை வரை தாங்குவான்கள் என்று அவர் சோர்ந்துபோனதாகப் பிற்பாடு கேள்விப்பட்டோம்.

கோழி கிடைக்கவில்லை. வெல்லமும் இல்லை, உளுந்தும் இல்லை. மிச்சமிருந்தது சாமிப் பானை மட்டும்தான். ஐப்பசியில் கல்லறைத் திருநாளன்று உபதேசியார் வாங்கிப் போனதற்குப் பிறகு என் மூன்று விரல் போட்டது. அளந்து பார்த்தால் காற்படி தேறியது. "வேணும், எனக்கு நல்லா வேணும்" என்று அம்மா தன்னையே வைதுகொண்டாள். சாமியை ஏமாற்றினதற்குக் கிடைத்த தண்டனை என்பது அவள் முடிவு. கிறிஸ்மஸ் காலையில் அதைத்தான் உலையில் போட்டாள்.

அக்காவும் மச்சானும் பத்து மணிக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கா மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, கன்னத்தைத் தடவி, "மசக்கையில வாடிப் போயிட்டியே கண்ணு" என்றாள். அக்கா சிரித்தாள். கண் மட்டும் அடுப்புப் பக்கமே இருந்தது. அதிரச வாசனையைத் தேடுகிறாளோ என்று எனக்கு உள்ளே சுருக்கென்றது.

மச்சானுக்கு இலை போட்டது. சோறு, நண்டுக் குழம்பு, கீரை. குழம்பு அன்றைக்குப் பார்த்து அமிர்தமாக அமைந்துவிட்டது. அதுதான் வினை. விருந்தாளி போதும் என்று சொன்னாலும் மூன்று தடவை வற்புறுத்த வேண்டும் என்பது எங்கள் பக்கத்து மரியாதை. மூன்றாவது தடவையும் போதும் என்று சொல்ல வேண்டும் என்பது விருந்தாளியின் மரியாதை. "இன்னும் கொஞ்சம் வச்சுக்குங்க மாப்ள" என்றாள் அம்மா, பானை வாயைத் தன் சேலையால் மறைத்து நின்றுகொண்டு. "போதுங்க அத்தை." "ரெண்டே கரண்டி." "வேணாங்க." "எனக்காக, மாப்ள." மச்சான் ஒரு நொடி யோசித்தார். "சரிங்க அத்தை, போடுங்க" என்றார். அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. சுரண்டிப் போட்டாள். அது அக்காவின் பங்கு. கோழி எங்கே, பாயசம் எங்கே என்று மச்சான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் ஒரு பிடிச் சோற்றை மட்டும் இலை ஓரம் ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார். அந்த இலையிலேயே அக்கா உட்கார்ந்து அதைச் சாப்பிட்டாள். "எனக்கு மசக்கைம்மா, இதுவே அதிகம்" என்றாள். "நாங்க எல்லாம் முன்னாடியே சாப்பிட்டாச்சு" என்றாள் அம்மா.

மச்சான், கோயிலில் குடில் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்று அக்காவும் கிளம்பினாள். அவர்கள் தலை மறைந்ததும் அம்மா தூக்குச்சட்டியை எடுத்தாள். நாங்கள் மூன்று பேரும் தெரு வழியாகப் போகவில்லை. கோயிலுக்குள் குடில் பார்த்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை கண்ணில் படக் கூடாதென்று வாய்க்கால் வரப்பைச் சுற்றிக் கோயிலின் பின்பக்கமாகப் போனோம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் எங்களுக்கு.

முற்றத்தில் வரிசை நின்றுகொண்டிருந்தது. கடைசியில், யாரிடமோ இரவல் வாங்கின அலுமினியக் குவளையோடு மச்சான் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அக்கா.

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். "இங்க என்னடி பண்றே?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் கையிலிருந்த தூக்குச்சட்டியையும் பார்த்தாள். "நீ என்னம்மா பண்றே?"

மச்சான் குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "ஒண்ணுமில்லீங்க அத்தை... சும்மா, வாசனை நல்லாருந்துச்சேன்னு..." என்று இழுத்தார். வெறும் கஞ்சிக்கு என்ன வாசனை இருக்கப் போகிறது? அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை எங்களால்.

அக்காதான் சொன்னாள். கார்த்திகையில் அடித்த காற்றில் அவர்கள் தென்னை மூன்றைத் தவிர எல்லாம் விழுந்துவிட்டது. ஒரு மாதமாக ஒருவேளைக் கஞ்சிதான். வெளியே சொல்லக் கூடாது, முக்கியமாகச் சம்பந்தி வீட்டில் சொல்லவே கூடாது என்று மாமியார் சத்தியம் வாங்கியிருக்கிறாள். பஸ்ஸுக்குப் பாதி வழிக்குத்தான் காசு இருந்தது. மன்னார்குடியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள்.

"பாவி, எனக்கு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.

"நீ எழுதுனியா?" என்றாள் அக்கா. "அரிசிக்குக் கொறவில்ல, கோழி கட்டிருக்குன்னுதானே எழுதுனே? பசிக்கறப்ப எல்லாம் இவரு அந்தக் கடுதாசிய எடுத்துப் படிக்கச் சொல்லுவாரு. அதைப் படிச்சுப் படிச்சுத்தாம்மா இந்த மாசத்தை ஓட்டுனோம்."

அம்மா முற்றத்து மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பாயசம் என்று எழுதின கை என் கைதான். நானும் ஓவென்று அழுதுகொண்டே, "நான் தெரிஞ்சேதாம்மா அந்தப் பானையைக் குடுத்தேன், அவரு கிண்டல் பண்ணாருன்னு குடுத்தேன்" என்று எல்லார் முன்னாலும் கொட்டிவிட்டேன். அடி விழும் என்று தலையைக் குனிந்து நின்றேன். அம்மா மூக்கைச் சிந்தினாள். "அதை அப்புறம் பாத்துக்கறேன். போயி வரிசையில நில்லு, உன் பங்கையும் அக்காவுக்கு வாங்கிக் குடு" என்றாள்.

அக்கா மூன்று குவளை குடித்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. குவளை காலியாகும்போதெல்லாம் வாங்கி வாங்கி நிரப்பினாள். மச்சானை அப்பா தோளில் கைபோட்டு அழைத்துப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் மச்சான் உண்மையாகவே போதும் என்றார்.

மறுநாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, சம்பந்தியம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். 'இங்கு அறுப்புக்கு ஆள் போதவில்லை. அதனால் மகளையும் மாப்பிள்ளையையும் தை கடைசி வரை எங்களுக்கு ஒத்தாசைக்கு விட்டு வைக்கவும். தங்களுக்குச் சிரமம் கொடுப்பதற்கு மன்னிக்கவும்.'

"வேலைநிறுத்தம் நடக்கற ஊர்ல ஆள் போதலையா?" என்றார் அப்பா. அம்மா முறைத்தாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"இங்கே அக்காவுக்குச் சாப்பாட்டுக்குக் கவலை இல்லைன்னு எழுதட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம்டி. பிள்ளைத்தாச்சிக்குச் சோறு போட முடியலியேன்னு அந்தம்மா அங்க அழுதுக்கிட்டு உக்காந்திருக்கும். அது மனசு நோவும். நான் சொன்னதை மட்டும் எழுது."

அவள் சொன்னதை மட்டும் எழுதினேன்.